கணினி மாற்றும்போது கோப்பும் மென்பொருளும்: எது நகலாகும், எது நகலாகாது

கும்பகோணத்தில் திருமண அழைப்பிதழ், குடமுழுக்குப் பத்திரிகை, கடைகளுக்கான பில் புத்தகம் ஆகியவற்றை வடிவமைத்துத் தரும் சிறு டிடிபி கடை ஒன்றில், பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த கணினியை ஓரங்கட்டிப் புதியதை வைக்கும் வேலைக்கு அண்மையில் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு பென் டிரைவை மேசைமேல் வைத்து, “தம்பி, பழையதில் இருக்கிற எல்லாவற்றையும் இதில் ஏற்றிப் புதியதில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது, இல்லையா?” என்று கேட்டார். கணினி மாற்றுகிற எல்லோருக்கும் எழுகிற கேள்விதான் இது. அதற்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கணினிக்குள் இருப்பவை இரண்டு வகை என்பதே காரணம்.

கடிதம், புகைப்படம், கணக்கு, அழைப்பிதழின் வடிவம் போன்றவை கோப்புகள். அவை நாற்றைப் போன்றவை. நாற்றங்காலில் பறித்து, முடிகட்டிக் கொண்டுபோய், எந்த வயலிலும் நடலாம். மென்பொருளோ நன்கு வளர்ந்த தென்னையைப் போன்றது. கண்ணுக்குத் தெரிவது மரம் மட்டுமே. வேர் தோப்பு முழுவதும் பரவிக் கிடக்கும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் அதன் உடல் இருந்தாலும், விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் அதன் அமைப்புக் குறிப்புகளும், வேறு கோப்புறைகளில் அது பயன்படுத்தும் பொது நூலகக் கோப்புகளும், மறைவான ஓரிடத்தில் அதன் உரிமச் சான்றும் இருக்கும். உடலை மட்டும் வெட்டிக்கொண்டு வந்து புதிய கணினியில் வைத்தால் பெரும்பாலும் ஓடாது. ஓடினாலும் அச்சிடும் நேரத்தில் நின்றுவிடும். ஆகவே கோப்பை நகலெடுக்க வேண்டும், மென்பொருளைப் புதிதாக நிறுவ வேண்டும். நிறுவத் தேவையில்லாமல் ஒரே கோப்புறைக்குள் அடங்கி இயங்கும் ‘போர்ட்டபிள்’ வகை மென்பொருள்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றைப் பென் டிரைவிலிருந்தே இயக்கலாம்.

இதைவிட எளிய தவறு ஒன்று உண்டு. முகப்புத் திரையில் இருக்கும் படக்குறியைப் பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, மென்பொருளையே எடுத்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குறியின் அளவைப் பாருங்கள்; ஒன்று அல்லது இரண்டு கிலோபைட்தான் இருக்கும். அது வீட்டின் முகவரிச் சீட்டு, வீடு அன்று.

முதலில் பட்டியல் போடுங்கள்

எதையும் நகலெடுக்கத் தொடங்கும் முன்பு, பழைய கணினியின் முன் ஒரு தாளுடன் உட்கார்ந்து, அதில் என்னென்ன வேலைகள் நடந்தன என்று எழுதுவது நல்லது. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று எழுதத் தொடங்கினால் ‘டி டிரைவில்’ என்ற ஒரே விடையோடு நின்றுவிடுவோம். வேலைகளை எழுதத் தொடங்கினால்தான், மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வது, ஆதார் நகலை ஸ்கேன் செய்வது, ஒட்டும் சீட்டுகளை அச்சிடுவது என ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்; அந்த வேலைகளின் வழியாகக் கோப்புகள் இருக்கும் இடங்களும் தெரியும். முகப்புத் திரை, டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கும் சி டிரைவுக்குள் பயனர் பெயரில் உள்ள கோப்புறையில் இருப்பவை என்பதை மறந்து, டி டிரைவை மட்டும் எடுத்துக்கொண்டு சி டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் முகவரிக் குறிகளும் தனி. அவற்றை உலாவியின் கணக்கோடு ஒத்திசைத்துக்கொண்டால் புதிய கணினியில் தாமே வந்துவிடும்.

நிறுவப்பட்ட மென்பொருள்களின் பெயர், பதிப்பு எண், உரிம எண் ஆகியவற்றையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் பேனலில் உள்ள ‘புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’ பட்டியலைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும். அச்சுப்பொறி, ஸ்கேனர், கைரேகைக் கருவி ஆகியவற்றின் மாடல் எண்களையும் அவற்றின் அடிப்பக்கத்திலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். கருவியைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் என்னும் மென்பொருளைத் தேடும்போது அந்த எண்தான் தேவைப்படும்.

ஆடிட்டர் அலுவலகம் வாங்கிக் கொடுத்த மின் கையொப்ப டோக்கன் இருந்தால், அது தோற்றத்தில் பென் டிரைவைப் போலவே இருக்கும் என்பதால் கவனம் தேவை. அதற்குள் உள்ள கையொப்பத் திறவுகோலை வெளியே நகலெடுக்க முடியாதவாறுதான் அது செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே நகலெடுக்க முயல வேண்டாம். அதன் மென்பொருளில் ‘இனிஷியலைஸ்’ என்ற கட்டளையைத் தெரியாமல் அழுத்திவிட்டால் கையொப்பமே அழிந்துவிடும். புதிய கணினியில் அதன் டிரைவரை மட்டும் நிறுவி, டோக்கனை அங்கே செருகினால் போதும்.

பென் டிரைவின் கொள்ளளவும் அமைப்பும்

16 ஜிபி என்று எழுதிய பென் டிரைவைச் செருகினால் விண்டோஸ் 14.9 ஜிபி என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக எண்ண வேண்டாம். தயாரிப்பவர் 1000இன் பெருக்கங்களில் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024இன் பெருக்கங்களில் கணக்கிடுகிறது. ஆனால் திருவிழாக் கடையிலோ இணையத்திலோ நம்ப முடியாத மலிவு விலைக்கு வாங்கிய 1 டிபி பென் டிரைவ் என்றால் கதை வேறு. உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்க, வெளியே 1 டிபி என்று காட்டும்படி மாற்றப்பட்ட போலிகள் சந்தையில் உண்டு. அதில் நகலெடுக்கும்போது எந்தப் பிழையும் வராது. 8 ஜிபிக்கு மேல் போன கோப்புகளின் பெயர்கள் மட்டும் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள் பென் டிரைவ் முழுவதையும் எழுதிப் பார்த்து, பிறகு படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். புதிய பென் டிரைவை நம்பி ஒரு குடும்பத்தின் புகைப்படங்களை ஒப்படைக்கும் முன்பு இந்தச் சோதனைக்குச் செலவாகும் நேரம் வீண் அன்று.

பென் டிரைவில் போதிய இடம் இருந்தும், ஒரு திருமண வீடியோவை ஏற்றும்போது ‘கோப்பு மிகப் பெரியது’ என்ற செய்தி வந்தால், அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 என்ற அமைப்பில் இருக்கிறது என்று பொருள். அந்த அமைப்பில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பென் டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு, அதை எக்ஸ்ஃபேட் அமைப்பில் ஃபார்மேட் செய்துகொண்டால் இந்தத் தடை நீங்கும். விண்டோஸ், மேக், அண்மைக்கால லினக்ஸ் ஆகிய மூன்றும் அதைப் படிக்கவும் எழுதவும் செய்யும். என்டிஎஃப்எஸ் அமைப்பு விண்டோஸுக்குள் மட்டும் புழங்குவதற்கு உறுதியானது. மேக் கணினி அதைப் படிக்கும், எழுதாது. பழைய டிவி, கார் ஆடியோ, ஜெராக்ஸ் கடையின் அச்சுப்பொறி ஆகியவற்றில் நேரடியாகச் செருக வேண்டுமானால் ஃபேட்32 ஆகவே விட்டுவிடுவது நல்லது.

நகலெடுக்கும் வேலை

வெட்டி ஒட்டாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள். இந்தப் பாடத்தை நான் சொந்தச் செலவில் கற்றேன். அத்தை வீட்டுக் காதணி விழாப் படங்களை, இடம் மிச்சமாகட்டும் என்று பழைய கணினியிலிருந்து வெட்டிப் பென் டிரைவில் ஒட்டிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. மீண்டும் வந்தபோது சில படங்கள் பழைய கணினியில் இல்லை. பென் டிரைவில் இருந்தவை திறக்கவில்லை. அத்தை இன்றும் அதைக் கேட்காமல் விடுவதில்லை. நகலெடுத்திருந்தால் மூலம் அப்படியே இருந்திருக்கும். அழிக்கும் வேலையைப் பிறகு நிதானமாகச் செய்திருக்கலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிமுதல் மின்தடை என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்திருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். மற்ற நாள்களிலும் யுபிஎஸ்ஸில் கணினி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம். யுஎஸ்பி 2.0 வாய் ஒன்றின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட் என்று சொல்லப்பட்டாலும், சாதாரணப் பென் டிரைவ் ஒன்று எழுதும் வேகம் நொடிக்கு 8 எம்பி என்றால், 14 ஜிபி நிறைய அரை மணி நேரம் ஆகிவிடும். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3.0 வாயும் அதற்கேற்ற டிரைவும் இருந்தால் வேகம் கூடும். மேசைக் கணினியின் முன்பக்க வாய்கள் தளர்ந்துபோயிருப்பது வழக்கம். பின்பக்கத்தில் மதர்போர்டோடு இணைந்த வாயில் செருகினால் நடுவில் தொடர்பு அறுவது குறையும்.

ஒரே ஒரு 4 ஜிபி வீடியோவைவிட, மொத்தம் 4 ஜிபி வரும் பத்தாயிரம் சிறு கோப்புகள் பல மடங்கு மெதுவாகப் போகும். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், தேதி, இடம் எனத் தனிக் கணக்கு எழுத வேண்டியிருப்பதே காரணம். அத்தகைய கோப்புறையை 7-ஸிப் மென்பொருளில், சுருக்கம் ஏதும் இல்லாத ‘ஸ்டோர்’ முறையில் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் விரைவாகச் செல்லும். புகைப்படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மேலும் சுருக்க முயல்வதால் நேரம்தான் போகும், அளவு குறையாது.

கோப்புப் பெயர்களில் நம்மவர்களுக்கு உரிய ஒரு சிக்கலும் உண்டு. விண்டோஸில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவை பெயரில் வரக்கூடாது. லினக்ஸிலிருந்து வரும் கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி இருந்தால் விண்டோஸ் அதை மறுத்துவிடும். கோப்புறைக்குள் கோப்புறை என்று அடுக்கிக்கொண்டே போனால், விண்டோஸின் பல மென்பொருள்களுக்கு முழுப் பாதையும் 260 குறிகளைத் தாண்டியவுடன் நகல் நின்றுவிடும். தமிழில் ‘கி’ என்ற ஓர் எழுத்தே ஒருங்குறி (யூனிகோடு) என்னும் பொதுக் குறியீட்டில் ககரம், இகரக் குறி என இரண்டு குறிகளாக எண்ணப்படுவதால், நீண்ட தமிழ்ப் பெயர்கள் இந்த எல்லையை விரைவில் தொட்டுவிடும். லினக்ஸில் எல்லை இன்னும் நெருக்கம்: ஒரு பெயருக்கு 255 பைட் அனுமதி, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் செலவு, ஆக 85 குறிகளோடு முடிந்துவிடும். ‘திருநாகேஸ்வரம் மாமா மகள் திருமண அழைப்பிதழ் கடைசித் திருத்தம் இதுதான் கடைசி’ என்று பெயர் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நகல் முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்காமல், கடிகாரத்தின் அருகே உள்ள யுஎஸ்பி குறியைச் சொடுக்கி ‘இஜெக்ட்’ கொடுத்து, அனுமதி வந்த பிறகு எடுங்கள். லினக்ஸில் இது இன்னும் முக்கியம். நகலெடுக்கும் பட்டை முழுமையாகிவிட்டதாகத் திரையில் தெரிந்தாலும், தரவின் ஒரு பகுதி நினைவகத்தில் காத்திருந்து பின்னணியில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அது நகல்

ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தில், எழுதி முடித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் புதிய ஏட்டைப் பார்த்துப் பாடம் ஒப்பிடுவார். தஞ்சை சரசுவதி மகால் போன்ற நூலகங்களில் இருக்கும் ஏடுகள் எத்தனையோ தலைமுறை தாண்டி வந்ததற்கு அந்தப் பொறுமையும் ஒரு காரணம். கணினியில் அதே வேலைக்குச் சில நிமிடங்களே ஆகின்றன, ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

முதலில், இரு பக்கமும் கோப்புறையின்மேல் வலது சொடுக்கி ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும், பைட் கணக்கில் காட்டப்படும் ‘சைஸ்’ என்ற எண்ணும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்க வேண்டும். அதன்கீழ் உள்ள ‘சைஸ் ஆன் டிஸ்க்’ வேறுபட்டால் அஞ்ச வேண்டாம். அது அந்தந்த டிரைவின் அமைப்பைப் பொறுத்தது. அடுத்து, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள்; குறிப்பாகக் கடைசியாக நகலான கோப்புகளையும் மிகப் பெரிய கோப்புகளையும் திறந்து பாருங்கள். கணக்கு, பத்திரம், மூலப் படங்கள் போன்று இழக்கவே முடியாதவற்றுக்கு, 7-ஸிப் நிறுவிய கணினியில் வலது சொடுக்குப் பட்டியலில் கிடைக்கும் எஸ்எச்ஏ-256 கணக்கீட்டை இரு பக்கமும் ஓட்டுங்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து பெறப்படும் நீண்ட எண் அது. ஒரு பிட் மாறினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். இரண்டும் ஒன்றானால் நகல் சரி.

அழைப்பிதழ் திறந்தது, தமிழ் போயிற்று

கும்பகோணக் கடையில் பாதி நாளைத் தின்றது இந்தச் சிக்கல்தான். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்த பழைய அழைப்பிதழைப் புதிய கணினியில் திறந்தால், மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஏதோ கிடந்தது. கோப்பு கெட்டுவிடவில்லை. ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பவை. அத்தகைய எழுத்துருக்களில் ஒன்றான பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான்; பாமினி எழுத்துரு அந்தக் கணினியில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் அந்த எலும்புக்கூடு தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனிக் குறியீட்டை வைத்துக்கொண்ட குழப்பத்தைத் தீர்க்க, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்து டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆனால் அச்சுக்கடைகளின் இருபது ஆண்டுக் கோப்புகள் பழைய குறியீடுகளிலேயே இருக்கின்றன.

ஆகவே பழைய கணினியை அணைக்கும் முன்பு, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையைத் திறந்து, நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்துத் தனிக் கோப்புறையில் நகலெடுங்கள். உங்கள் உரிமம் எத்தனை கணினிகளுக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய விண்டோஸில் நிறுவும்போது ‘இன்ஸ்டால்’ என்பதைவிட ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்புமுதல், முதலாவது கட்டளை எழுத்துருவை அந்த ஒரு பயனரின் கோப்புறைக்குள் மட்டும் வைப்பதால், பழைய மென்பொருள்கள் சில அதைக் காண்பதே இல்லை. கடையில் எங்களைச் சுற்றவிட்டது இந்த ஒரு சொல்தான். எழுத்துரு இல்லாத நிலையில் கோப்பைத் திறந்து, மென்பொருள் பரிந்துரைக்கும் மாற்று எழுத்துருவை ஏற்றுக்கொண்டு சேமித்துவிடாதீர்கள். மூடிவிட்டு, எழுத்துருவை நிறுவி, மீண்டும் திறந்தால் எல்லாம் இடத்துக்கு வந்துவிடும்.

படங்களும் அப்படியே. பேஜ்மேக்கரில் பெரிய படத்தைச் சேர்க்கும்போது, அதை ஆவணத்துக்குள் முழுதாக வைத்துக்கொள்ளவா என்று அது கேட்கும். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் படம் இருந்த பாதையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். எனவே ஆவணத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால், அச்சில் பிள்ளையார் மங்கலான நிழலாக வருவார். ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் ‘ஆல் லிங்க்டு ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் புதிய கோப்புறையில் சேமித்தால், இணைந்த படங்கள் அனைத்தும் உடன் வரும். எழுத்துருக்கள் வாரா, அவற்றைத் தனியே எடுக்க வேண்டும். வரைகலை மென்பொருளான கோரல் டிராவில் செய்ததை வேறு கடைக்கு அனுப்பும்போது, புதிய பதிப்பின் கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது என்பதால் பதிப்பைக் குறைத்துச் சேமித்து, எழுத்துகளைக் ‘கர்வ்’ ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவங்களாக மாற்றிய ஒரு நகலையும் கொடுத்துவிடுங்கள். திருத்தத்துக்கு உரிய மூலக் கோப்பை மட்டும் உங்களிடம் கர்வ் ஆக்காமல் வைத்திருங்கள். முடிந்துபோன வேலைகளைப் பழைய கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி எடுத்துக்கொண்டால், பின்னாளில் மென்பொருளே இல்லாவிட்டாலும் பார்க்கவாவது முடியும்.

டேலியும் பிற மென்பொருள்களும்

கணக்கு எழுதும் மென்பொருளான டேலியில் தரவும் மென்பொருளும் பிரிந்தே இருப்பதால் வேலை எளிது, ஆனால் வரிசை மாறக்கூடாது. பழைய கணினியில் டேலியின் உள்ளேயே உள்ள பேக்கப் கட்டளையால் நிறுவனத்தின் தரவைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, தரவுக் கோப்புறை முழுவதையும் தனியாக ஒருமுறை நகலெடுங்கள். அதற்குள் ஒவ்வொரு நிறுவனமும் ஓர் எண்ணின் பெயரில் இருக்கும். பிறகு இணைய இணைப்புடன் உரிமத்தைச் ‘சரண்டர்’ செய்து, அதாவது பழைய கணினியிலிருந்து விடுவித்துவிட்டு, புதிய கணினியில் டேலியை நிறுவி, அதே உரிமத்தைச் செயல்படுத்தி, தரவை ‘ரீஸ்டோர்’ செய்யுங்கள். சரண்டர் செய்யாமல் பழைய வன்தட்டை அழித்துவிட்டால், உரிமத்தை மீட்க வாடிக்கையாளர் சேவையோடு பேசிக்கொண்டிருக்க வேண்டிவரும். புதிய பதிப்புக்கு மாற்றப்பட்ட தரவு பழைய பதிப்பில் திறக்காது. ஆடிட்டரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

மற்ற மென்பொருள்களுக்கு, நிறுவும் கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்வது சிறந்தது. இணையம் மெதுவான ஊர்களில், ஓரிடத்தில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருவதில் தவறில்லை. ஆனால் சில தளங்கள் தருவது ஓரிரு எம்பி அளவுள்ள தூதுக் கோப்பு மட்டுமே, அது ஓடும்போதுதான் மீதியை இணையத்திலிருந்து இழுக்கும். ‘ஆஃப்லைன் இன்ஸ்டாலர்’ என்று தேடி முழுக் கோப்பை எடுங்கள். 32 பிட் விண்டோஸுக்கு 64 பிட் மென்பொருள் பொருந்தாது. விண்டோஸ் 95 காலத்து 16 பிட் நிறுவிகள் 64 பிட் விண்டோஸில் ஓடா. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன என்பதால், பழைய மென்பொருளுக்காகவே பழைய கணினியை வைத்திருக்க நேர்ந்தால் அதை இணையத்திலிருந்து துண்டித்து வையுங்கள். புதிய கணினியில் முதலில் நெட்வொர்க் டிரைவரை நிறுவுங்கள். அது இருந்தால் மற்ற டிரைவர்களைக் கணினியே தேடிக்கொள்ளும்.

சிடி, டிவிடி

மேசை இழுப்பறையில் கிடக்கும் தகடுகளை இப்போதே வன்தட்டில் ஏற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர் வீடுகளில் சுவரே வேர்க்கும். தகட்டில் பூஞ்சை படர்வதும் மேல்பூச்சு உரிவதும் இயல்பு. அழுக்கைத் துடைக்கும்போது மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும்; வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தரவுத் தடத்தோடு ஓடி, தொடர்ந்து பல பகுதிகளை அழிக்கும். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் தகட்டை வேறு டிரைவ் படித்துவிடுவது அடிக்கடி நடப்பதால், தூக்கி எறியும் முன்பு இரண்டு மூன்று கணினிகளில் போட்டுப் பாருங்கள். புதிய மடிக்கணினிகளில் தகட்டு டிரைவ் இல்லை. யுஎஸ்பியில் இணைக்கும் வெளி டிவிடி ரைட்டர் ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம்.

மென்பொருள் நிறுவும் தகட்டைக் கோப்பு கோப்பாக நகலெடுக்காமல், தகடு முழுவதையும் ஐஎஸ்ஓ என்னும் ஒரே பிம்பக் கோப்பாக எடுப்பது நல்லது. விண்டோஸ் 8முதல் அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கினாலே தகடு செருகியதுபோல் திறக்கும். விண்டோஸையே நிறுவ வேண்டுமானால் ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் சும்மா ஒட்டினால் கணினி அதிலிருந்து எழாது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும், அப்போது பென் டிரைவில் இருந்தவை அழிந்துவிடும்.

புதிதாகத் தகடு எழுதும்போது சிடியில் 700 எம்பியும், 4.7 ஜிபி என்று அச்சிட்ட டிவிடியில் விண்டோஸ் கணக்கில் 4.37 ஜிபியும்தான் கொள்ளும். விண்டோஸ் இரண்டு முறைகளைக் கேட்கும். பிறருக்குக் கொடுக்கும் தகடானால் ‘வித் எ சிடி/டிவிடி பிளேயர்’ என்ற இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். தகட்டுக்கு ஒரு பழைய சிறப்பு இன்றும் உண்டு: எழுதி மூடப்பட்ட டிவிடி-ஆர் தகட்டில் எந்த வைரஸும் ஏற முடியாது. பல வீடுகளின் கணினிகளுக்கு மென்பொருள் ஏற்றப் போகிறவர்கள் கையில் பென் டிரைவைவிடத் தகடு இருப்பது அந்த வீடுகளுக்கு நல்லது.

பென் டிரைவில் வரும் விருந்தாளி

பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் கடையில் பட்டா, சிட்டா நகலை அச்சிட்டுவிட்டு வந்து பென் டிரைவைத் திறந்தால், கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிக் குறிகளாக மாறியிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். 2011இல் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு பழைய விண்டோஸும்கூடப் பென் டிரைவிலிருந்து நிரலைத் தானாக இயக்குவதை நிறுத்திவிட்டது. ஆகவே இந்த வகை வைரஸ் உங்கள் கையாலேயே சொடுக்க வைக்கப் பார்க்கிறது: உண்மைக் கோப்புறையை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு குறியை வைக்கிறது. அதைச் சொடுக்காதீர்கள். எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து, ‘புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ மறைப்பையும் நீக்கினால் உங்கள் கோப்புறைகள் மங்கலாகத் தெரியும். ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, வைரஸ் தடுப்பியால் சோதித்து, பென் டிரைவை ஃபார்மேட் செய்துவிடுங்கள். அச்சுக்கு எடுத்துப்போகவென்றே சிறிய பென் டிரைவ் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பூட்டு நெம்பி உள்ள எஸ்டி கார்டானால் இன்னும் நல்லது.

பென் டிரைவே இல்லாமல்

100 ஜிபிக்கு மேல் இருந்தால் பென் டிரைவில் தவணை முறையில் ஏற்றி இறக்குவது வீண் உழைப்பு. பழைய கணினியின் வன்தட்டைக் கழற்றி, சாட்டா-யுஎஸ்பி கேபிளால் புதியதில் நேரடியாக இணைத்துவிடலாம். மடிக்கணினியின் 2.5 அங்குலத் தட்டுக்கு யுஎஸ்பி மின்சாரம் போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குலத் தட்டுக்குத் தனி அடாப்டர் வேண்டும். தட்டிலுள்ள தரவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினியானால், கழற்றும் முன்பு மீட்புத் திறவுகோலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கணினிகளையும் ஒரு லேன் கேபிளால் இணைத்துக் கோப்புறையைப் பகிர்வதும் நல்ல வழியே. வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பிக்கொள்வதாக இருந்தால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். இல்லையேல் அது படத்தின் தரத்தைக் குறைத்துவிடும்.

எடுத்த நகல் எங்கே இருக்கிறது என்பதும் இந்த வேலையில் அடக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, ஓடு பறந்த வீடுகளில் கணினி எந்த அலமாரியில் இருந்ததோ அதே அலமாரியில்தான் அதன் நகலும் இருந்தது. மழை இரண்டையும் சேர்த்தே நனைத்தது. ஒரு வெளி வன்தட்டைத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உள்ள அண்ணன் வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்வரும்போது புதுப்பித்துக்கொள்ளுங்கள். பென் டிரைவை ஆண்டுக்கணக்கில் செருகாமல் பெட்டியில் போட்டு வைத்தால் அதிலுள்ள தரவு மெல்லத் தேயக்கூடும் என்பதால், அதைப் பயண வண்டியாக மட்டும் கொள்ளுங்கள், களஞ்சியமாக்காதீர்கள்.

பழைய கணினியை உடனே விற்க வேண்டாம். ஒரு ஜிஎஸ்டி தாக்கலும் ஒரு முகூர்த்த மாதமும் புதியதில் முழுதாக நடந்து முடியும்வரை, மின் இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு மூலையில் வைத்திருங்கள். பிறகு கொடுக்கும்போது, கோப்புகளை அழித்துவிட்டு ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது போதாது. அவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, ‘குயிக் ஃபார்மேட்’ என்ற குறியை நீக்கிவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். தட்டு முழுவதும் பூச்சியத்தால் நிரப்பப்படும், 500 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும். கும்பகோணக் கடைக்காரர் அவ்வளவு நேரம் காத்திருக்க மனமில்லாமல், வன்தட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டார், அதுவும் சரியே.